அடுப்புக்கும் மூச்சு வேண்டும்

பானையின் அடி கறுத்திருப்பதைப் பார்த்து செமோர் வட்டாரத்துத் தோட்டங்களில் ஒரு காலத்தில் யாரும் கவலைப்பட்டதில்லை. லயத்து வீட்டு விறகடுப்பில் ஏறிய பானை கறுக்கத்தான் செய்யும். மாலையில் தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டுத் தேய்ப்பார்கள். மறுநாள் காலையில் அது மீண்டும் கறுக்கும். ஈப்போவுக்கு வடக்கே, சுங்கை சிப்புட்டுக்குச் செல்லும் வழியில் இருக்கும் இச்சிற்றூரைச் சுற்றி முன்பு ரப்பர்த் தோட்டங்கள் பரந்திருந்தன. அங்கு வாழ்ந்த குடும்பங்களில் பல இன்று வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. விறகு இருந்த இடத்தில் எரிவாயுக் கலன் நிற்கிறது.

எரிவாயு அடுப்பில் ஏற்றிய பானை கறுத்தால் கதை வேறு. நன்றாக எரியும் எரிவாயு கரியை விட்டுச் செல்லாது. ஆகவே, பளபளப்பான பானையின் அடியில் திடீரெனக் கரி படிந்தால், அடுப்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பொருள். பலர் அதைக் கவனிப்பதில்லை. கவனிப்பவர்களிலும் பலர், “கேஸ் சரியில்லை” என்று கலனின் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். உண்மையில் குறை பெரும்பாலும் எரிவாயுவில் இருப்பதில்லை. அதனுடன் சேர வேண்டிய காற்றில்தான் இருக்கிறது.

காற்றுக்கும் நெருப்புக்கும் உள்ள உறவைத் தோட்டத்து மக்கள் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. புகைக்கூடத்தில் அவர்கள் அதை அன்றாடம் பார்த்தார்கள். மரத்திலிருந்து எடுத்த பாலில் ஃபார்மிக் அமிலம் கலந்து உறைய வைப்பார்கள். உறைந்த பாலை உருளைகளுக்கிடையே விட்டு மெல்லிய தகடுகளாக்கி, புகைக்கூடத்தில் மூங்கில் கழிகளின் மேல் தொங்கவிடுவார்கள். கீழே ரப்பர் மரத்து விறகு எரியும். கொழுந்துவிட்டு எரிந்தால் வேலை கெட்டுவிடும். உள்ளே வெப்பம் ஏறக்குறைய 40 முதல் 60 பாகை செல்சியஸ் வரை இருந்தால் போதும். அதற்கு மேல் ஏறினால் தகட்டில் கொப்புளங்கள் தோன்றும், விலை குறையும். சில வேளைகளில் கூடமே தீப்பற்றிக்கொள்ளும்.

எனவே, புகைக்கூடத்தின் நெருப்பைக் காப்பவர் காற்று நுழையும் வழிகளைத் திறந்தும் மூடியும் விறகைத் தம் கட்டுக்குள் வைத்திருப்பார். காற்றைக் குறைத்தால் சுடர் தணிந்து புகை மிகும். அந்தப் புகையில் உள்ள பொருள்கள்தாம் ரப்பர் தகட்டில் பூஞ்சணம் பிடிக்காமல் காக்கின்றன; தகட்டுக்கு அதன் பழுப்பு நிறத்தைத் தருவதும் அப்புகையே. அதாவது, அங்கே நெருப்பின் மூச்சை வேண்டுமென்றே இறுக்கிப் பிடித்தார்கள். சமையலறையில் தேவைப்படுவது இதற்கு நேர்மாறானது. புகையும் கரியும் இல்லாத முழு எரிப்பு அங்கே வேண்டும். ஆனால், இரண்டு இடங்களிலும் செயல்படும் விதி ஒன்றுதான்.

எரிவாயு அடுப்பு எப்படிக் காற்றை இழுக்கிறது என்பதைப் பள்ளி அறிவியல் கூடத்தில் இருக்கும் பன்சன் அடுப்பே காட்டிக்கொடுக்கும். ஜெர்மனியின் ஹைடெல்பர்க் நகரில் வேதியியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் பன்சனுக்காக, கருவி செய்பவரான பீட்டர் டெசாகா 1855ஆம் ஆண்டில் உருவாக்கியது அது. அதன் அடிப்பகுதியில் ஒரு வளையம் உண்டு. வளையத்தைத் திருப்பிக் காற்றுத் துளையை மூடினால் சுடர் மஞ்சளாகி அங்குமிங்கும் ஆடும். துளையைத் திறந்தால் சுடர் நீலமாகி நிமிர்ந்து நிற்கும். எரிவாயு மாறவில்லை, அதன் அளவும் மாறவில்லை. உள்ளே நுழைந்த காற்று மட்டும்தான் மாறியது.

வீட்டு அடுப்பும் இதே முறையில்தான் இயங்குகிறது. திருகைத் திறந்ததும் எரிவாயு, நாசில் எனப்படும் பித்தளை முனையின் மிக நுண்ணிய துளை வழியாக வேகமாகப் பாய்கிறது. அதன் எதிரே விரல் பருமனில் ஒரு குழாய் வாய் திறந்திருக்கும். பாயும் எரிவாயு தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு அந்தக் குழாய்க்குள் புகுகிறது. வேகமாகச் செல்லும் பேருந்து சாலையோரத்துச் சருகுகளைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போவதைப் போன்றது இது. குழாய்க்குள் எரிவாயுவும் காற்றும் கலந்து, மேலே உள்ள பர்னர் தலையின் சிறு துளைகள் வழியாக வெளியேறி எரிகின்றன. இதற்கு விசிறியும் இல்லை, மின்சாரமும் தேவையில்லை. எரிவாயுவின் வேகம் ஒன்றே காற்றை இழுக்கிறது. அதனால்தான் வழியில் ஒரு சிறு தடை வந்தாலும் மூச்சு முட்டிவிடுகிறது.

அடுப்புக்குத் தேவைப்படும் காற்றின் அளவு வியப்பூட்டும். கலனில் இருப்பது புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவை. ஒரு லிட்டர் புரோப்பேன் வாயு முழுமையாக எரிய ஏறக்குறைய 24 லிட்டர் காற்று வேண்டும்; ஒரு லிட்டர் பியூட்டேனுக்கு ஏறக்குறைய 31 லிட்டர் வேண்டும். காசு கொடுத்து வாங்கும் எரிவாயுவை எல்லாரும் கணக்கிடுகிறார்கள். அதைவிட இருபது, முப்பது மடங்கு தேவைப்படும் காற்று விலையில்லாமல் கிடைப்பதால், அதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இந்தக் காற்றில் ஒரு பகுதி குழாய் வழியாக எரிவாயுவுடன் கலந்து வருகிறது. எஞ்சியதைச் சுடர் தன்னைச் சுற்றியுள்ள அறையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. முதல் வழி அடைபட்டாலும் கோளாறு. அறையில் காற்றோட்டம் குன்றினாலும் கோளாறு.

காற்று குறைந்தால் சுடர் ஏன் மஞ்சளாகிறது? எரிவாயுவில் உள்ள கரிமம் முழுமையாக எரியாமல் நுண்ணிய துகள்களாகப் பிரிகிறது. அத்துகள்கள் வெப்பத்தில் தகதகவென ஒளிர்கின்றன. அந்த ஒளிதான் மஞ்சள் நிறம். மெழுகுவத்தியின் சுடரும் இப்படித்தான் ஒளி தருகிறது. மைக்கேல் ஃபாரடே லண்டனில் இளைஞர்களுக்காக ஆற்றிய புகழ்பெற்ற மெழுகுவத்திச் சொற்பொழிவுகளில் இதைச் செய்து காட்டி விளக்கினார். மெழுகுவத்திக்கு அந்த மஞ்சள் ஒளி பெருமை. அடுப்புக்கு அது நோயின் அறிகுறி. துகள்கள் குளிர்ந்த பானையில் பட்டதும் ஒளி அணைந்து, கரியாகப் படிந்துவிடுகின்றன.

கரியைத் தேய்த்துக் கழுவிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றைக் கழுவ முடியாது. காற்றுப் போதாமல் எரியும் கரிமத்திலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கலனிலிருந்து கசியும் எரிவாயுவுக்கு மணம் உண்டு. எரிவாயுவுக்கே இயல்பாக மணம் இல்லாததால், கசிவு தெரிய வேண்டும் என்று ஒரு நாற்றப் பொருளைக் கலந்துதான் விற்கிறார்கள். அந்த உதவி கார்பன் மோனாக்சைடின் விஷயத்தில் கிடைக்காது. அடுப்பு எரியும்போதே நாற்றப் பொருளும் எரிந்துவிடுகிறது.

இரத்தத்தில் உயிர்வளியைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். அது உயிர்வளியைப் பற்றிக்கொள்வதைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு கார்பன் மோனாக்சைடைப் பற்றிக்கொள்கிறது. பேருந்தில் உரிய பயணிகள் ஏறுவதற்கு முன்பே வேறொருவர் எல்லா இருக்கைகளிலும் அமர்ந்துகொண்டு இறங்க மறுப்பதைப் போன்ற நிலை அது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், சோர்வு ஆகியவை தோன்றும். சளிக்காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடுவோரும் உண்டு. வீட்டை விட்டு வெளியே சென்றால் நலமாகி, வீட்டுக்குள் வந்ததும் மீண்டும் தலை வலித்தால், அல்லது வீட்டில் உள்ள எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால், மாத்திரையைத் தேடுவதற்கு முன் அடுப்பையும் சன்னலையும் பார்க்க வேண்டும்.

இனி ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். செமோரில் உள்ள ஒரு வீடமைப்புப் பகுதியில் பாட்டியும் நான்காம் படிவம் பயிலும் பேரனும் வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி விடுமுறையில் இருவரும் ஜொகூரில் இருக்கும் மகள் வீட்டுக்குச் சென்று ஐந்து வாரங்கள் கழித்துத் திரும்புகிறார்கள். பேரன் தேநீர் போட அடுப்பைப் பற்ற வைக்கிறான். சுடர் மஞ்சளாக எழுந்து பானையின் பக்கவாட்டை நக்குகிறது. தண்ணீர் கொதிக்க நேரமாகிறது.

“பாட்டி, கேஸ் முடியப் போகுது போல. நெருப்பைக் கூட்டி வைக்கவா?”

“கூட்டாதய்யா, அடைச்சு வை. அந்தப் பக்கத்து அடுப்பைப் பற்ற வைத்துப் பார்.”

பேரன் இரண்டாம் பர்னரைப் பற்ற வைத்தான். அது நீலமாக எரிந்தது.

“அப்போ கேஸ் நல்லாத்தான் இருக்கு. இந்த ஓர் அடுப்புக்குத்தான் மூச்சு முட்டுது” என்றார் பாட்டி.

பாட்டி கேட்ட அந்த ஒரு கேள்வி, பாதி வேலையை முடித்துவிட்டது. பழுது கண்டறிவதில் முதல் படி, எது பொது, எது தனி என்று பிரிப்பது. கலன், ரெகுலேட்டர், ரப்பர் குழாய், அறைக் காற்று ஆகியவை இரண்டு பர்னர்களுக்கும் பொது. இரண்டும் மஞ்சளாக எரிந்தால் குறையைப் பெரும்பாலும் அங்கே தேட வேண்டும். கலன் தீரும் தறுவாயில் இருக்கலாம். புரோப்பேன் முன்னதாக ஆவியாகிப் போய், அதிகக் காற்றைக் கேட்கும் பியூட்டேன் கடைசியில் மிகுதியாக எஞ்சுவதால், அப்போது சுடரின் நிறம் சற்று மாறுவது உண்டு. ஒரு பர்னர் மட்டும் மஞ்சளாக எரிந்தால் அதற்கே உரிய நாசில், காற்றுத் துளை, கலவைக் குழாய், பர்னர் தலை ஆகியவற்றில்தான் குறை இருக்கும். பேரன் கலனை மாற்றியிருந்தால் பணமும் போயிருக்கும், பழுதும் அப்படியே இருந்திருக்கும்.

நெருப்பைக் கூட்டாதே என்று பாட்டி சொன்னதற்கும் காரணம் உண்டு. காற்று வழி அடைபட்டிருக்கும்போது எரிவாயுவை அதிகப்படுத்தினால், கலவை மேலும் கெடும். குழாய் மிகவும் அடைபட்டிருந்தால், மேலே செல்ல வழியில்லாத எரிவாயு காற்றுத் துளை வழியாகப் பின்னோக்கி வழியும். அங்கே தீப்பற்றினால் சுடர் பானைக்குக் கீழே எரியாமல், திருகுக்கும் ரப்பர் குழாய்க்கும் அருகில் எரியும். அடுப்புக்குக் கீழிருந்து நெருப்பு தெரிந்தால் உடனே கலனின் வாயை அடைத்துவிட வேண்டும். ஆராய்ச்சியெல்லாம் பிறகுதான்.

பேரன் கலனை அடைத்தான். அடுப்பு ஆறும் வரை காத்திருந்து, பர்னர் தலையைக் கழற்றினான். அதன் துளைகளில் பொங்கி வழிந்த பாலின் பழைய கறை கொஞ்சம் இருந்தது. அதைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்தினான். ஈரத்தோடு மாட்டினால் துளைகளில் நிற்கும் நீரே தடையாகிவிடும். பிறகு, அடுப்பைக் கவிழ்த்து வைத்து, கைவிளக்கின் ஒளியில் கலவைக் குழாயின் வாயைப் பார்த்தான். உள்ளே சாம்பல் நிறத்தில் களிமண் உருண்டை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. குளவிக் கூடு!

ஆளில்லாத வீட்டில், மழை படாத, விரல் பருமனுள்ள ஒரு துளை குளவிக்கு மாளிகை. சில வகைக் குளவிகள் இத்தகைய துளைகளைத் தேடி, ஈர மண்ணைக் கவ்விவந்து கூடு கட்டி முட்டையிடுகின்றன. பேரன் உடனே ஒரு கம்பியைத் தேடினான்.

“கம்பியை அந்தப் பித்தளைத் துளையில மட்டும் விட்டுடாதே” என்றார் பாட்டி.

அதுவும் சரியான எச்சரிக்கைதான். நாசிலின் துளை, இவ்வளவு எரிவாயுதான் வர வேண்டும் என்று அளந்து துளைக்கப்பட்டது. பித்தளை மென்மையான உலோகம். ஊசியோ கம்பியோ விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகும். அதன்பின் எரிவாயு மிகுதியாக வரும், காற்று அதற்கு ஈடு கொடுக்காது, சுடர் நிரந்தரமாக மஞ்சளாகிவிடும். சிறு அடைப்பைச் சரிசெய்யப் போய் அடுப்பையே கெடுத்த வீடுகள் பல உண்டு. குழாயைத் துடைக்க மெல்லிய தூரிகை போதும். நாசில் அடைபட்டிருந்தால் அதைப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து மாற்றுவதே நல்லது.

மண் உருண்டையை உடைத்து வெளியே தட்டி, குழாயைத் தூரிகையால் துடைத்து, எல்லாவற்றையும் முன்போலவே பொருத்தினான் பேரன். ரப்பர் குழாய் இணைப்புகளில் சவர்க்கார நீரைத் தடவி, கலனைத் திறந்தான். குமிழி வந்தால் கசிவு, வரவில்லை. தீக்குச்சியைக் கொளுத்திக் கசிவைத் தேடும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அதைவிட ஆபத்தான சோதனை வேறு இல்லை. அடுப்பைப் பற்ற வைத்ததும் சுடர் குட்டையாக, நீலமாக, சீராக எரிந்தது.

அதற்குப் பிறகும் ஒரு சிறு சந்தேகம். நீலச் சுடரில் அவ்வப்போது செம்மஞ்சள் பொறிகள் மின்னின. பேரன் மீண்டும் அடுப்பைக் கழற்றப் போனான். பாட்டி, அடுப்பு மேடையில் சிந்தியிருந்த உப்பைக் காட்டினார். உப்பில் உள்ள சோடியம் நெருப்பில் பட்டால் செம்மஞ்சளாகத்தான் ஒளிரும். தூசி எரிந்தாலும் இப்படிப் பொறி தெரியும். அவை வந்த வேகத்தில் மறைந்துவிடும், பானையில் கரி படியாது. சுடரின் உடல் முழுவதும் மஞ்சளாகி, நுனி நீண்டு, சோம்பலாக ஆடினால்தான் கவலைப்பட வேண்டும்.

காற்று அதிகமானாலும் தொல்லைதான். அப்போது சுடர் பர்னர் துளைகளை விட்டு மேலெழும்பி, ‘உஸ்’ என்ற இரைச்சலோடு நிற்கும். சில நேரம் அணைந்தும் போகும். சில அடுப்புகளில் காற்றுத் துளையைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சிறு தகடு இருக்கும். அதைச் சிறிது சிறிதாகத் திருப்பி, மஞ்சள் நுனி மறையும் இடத்தில் நிறுத்தினால் போதும்.

பூச்சிகள் எரிவாயுக் குழாய்களைத் தேடி வருவது இவ்வட்டாரத்தில் மட்டும் நடப்பதன்று. ஒருவகை மஞ்சள் சிலந்திக்குப் பெட்ரோல் போன்ற எரிபொருள்களின் மணம் பிடிக்குமாம். 2011ஆம் ஆண்டில் மாஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் விற்ற பல்லாயிரம் கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. எரிபொருள் தொட்டிக்குக் காற்று செல்லும் குழாயில் அச்சிலந்தி வலை பின்னிவிட்டதே காரணம். மனிதன் எண்ணி எண்ணி வடிவமைத்த இயந்திரத்தை ஒரு விரல் நகத்தளவு உயிர் நிறுத்திவிட்டது. செமோருக்கும் பெயர்பெற்ற ஒரு சிலந்தி உண்டு. அருகிலுள்ள காந்தான் சுண்ணாம்புக் குன்றின் குகையில் வாழும் பொறிக்கதவுச் சிலந்தியை அறிவியலாளர் 1997இல் தனி இனமாக விவரித்து, அக்குன்றின் பெயரையே அதற்குச் சூட்டினர். பாவம், அதற்குச் சமையலறைப் பக்கம் வேலையே இல்லை. அடுப்பில் கூடு கட்டுவது வீட்டுச் சிலந்தியும் குளவியும்தான்.

குளிர்நாடுகளில் இதே சிக்கல் இன்னும் பெரிய உருவில் வருகிறது. பிரிட்டன் போன்ற நாடுகளின் வீடுகளில் எரிவாயுக் கொதிகலன் ஒன்று சுவரில் பொருத்தப்பட்டிருக்கும். அது நீரைச் சூடாக்கிக் குழாய்கள் வழியாக அறைதோறும் அனுப்பி வீட்டை வெதுவெதுப்பாக்கும்; குளிக்கவும் வெந்நீர் தரும். மணிக்கணக்கில் எரியும் அந்தக் கருவிக்கு அறைக் காற்றையே நம்பியிருப்பது ஆபத்து. எனவே, இக்காலக் கொதிகலன்களை அறையிலிருந்து முற்றிலும் மூடிப் பிரித்துவிட்டார்கள். சுவரைத் துளைத்து வெளியே செல்லும் குழாய்க்குள் இன்னொரு குழாய் இருக்கும். உட்குழாய் வழியாக எரிந்த புகை வெளியேறும். இரண்டுக்கும் இடையிலுள்ள வளைய வெளியின் வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். உள்ளே ஒரு விசிறி இந்த ஓட்டத்தை நடத்தும்.

வெளிச்சுவரில் தெரியும் அந்தக் குழாய் வாயில் சருகு, பறவைக் கூடு, சிலந்தி வலை, பனி என எது அடைத்தாலும் காற்று குறையும். பல கொதிகலன்களில் காற்றோட்டத்தின் அழுத்தத்தை அளக்கும் உணர்கருவி உண்டு. காற்று போதவில்லை என்றால் அது எரிவாயுவைத் திறக்க விடாது. கொதிகலன் தானாகவே பூட்டிக்கொண்டு ஒரு குறியீட்டைக் காட்டும். குளிரில் நடுங்கும் வீட்டுக்காரருக்கு அப்போது எரிச்சல் வருவது இயல்பே. மீள்தொடக்கப் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்திக்கொண்டே இருப்பார். ஆனால், கொதிகலன் கெட்டுப்போய் நிற்கவில்லை. மூச்சு முட்டுகிறது என்று சொல்லிவிட்டு நிற்கிறது. வெளியே போய்க் குழாய் வாயைப் பார்ப்பதும், தெரியும் சருகை அகற்றுவதும் வீட்டுக்காரர் செய்யக்கூடியவை. மூடியைத் திறந்து உள்ளே கை வைப்பது, பதிவு பெற்ற எரிவாயுத் தொழில்நுட்பரின் வேலை; பிரிட்டனில் அது சட்டமாகவே இருக்கிறது.

பேராக்கின் வெயிலில் வீட்டைச் சூடாக்கக் கொதிகலன் தேவையில்லை. இங்குக் குளியலறைகளில் பெரும்பாலும் மின்சாரக் கருவியே இருக்கிறது. எனினும், எரிவாயுவால் இயங்கும் வெந்நீர்க் கருவியை வைத்திருப்போரும் உண்டு. அதைச் சிறிய, மூடிய குளியலறைக்குள் பொருத்துவது மிகப் பெரிய தவறு. அடுப்பைவிடப் பல மடங்கு வேகமாக எரிவாயுவை எரிக்கும் கருவி அது. கதவைத் தாழிட்டுக் குளிப்பவர் ஒருபுறம், உயிர்வளியை விழுங்கும் சுடர் மறுபுறம். இந்தியாவில் குளியலறையில் பொருத்திய இத்தகைய கருவிகளால் மயங்கி விழுந்து உயிரிழந்தவர்களைப் பற்றிய செய்திகள் குளிர்காலங்களில் வெளிவருகின்றன. எரிவாயு வெந்நீர்க் கருவியின் இடம் வீட்டுக்கு வெளியே, காற்றாடும் சுவர்தான். உள்ளே வைக்க வேண்டியிருந்தால் புகை வெளியேறக் குழாயும், காற்று நுழைய வழியும் தனித்தனியே வேண்டும்.

சமையலறைக் காற்றின் கதைக்கு மீண்டும் வந்தால், இங்கே குளவியைவிட மனிதர்தாம் அதிகம் அடைக்கிறார்கள். தொடர்வீடுகளின் பின்புறத்தை நீட்டிச் சமையலறையைப் பெரிதாக்குவது இந்நாட்டில் வழக்கமாகிவிட்டது. பின்வாசல் வெளி முழுவதும் கூரைக்குள் வந்துவிடுகிறது. முன்பு வெளியே திறந்த சன்னல், இப்போது இன்னோர் அறைக்குள் திறக்கிறது. சுவரில் பதித்திருந்த ஓட்டைக் கற்களைக் கொசு வருகிறது என்று அட்டை வைத்து மூடுகிறார்கள். புகைமூட்டக் காலத்தில் மூடிய சன்னல், புகைமூட்டம் போன பிறகும் மூடியே கிடக்கிறது. மேடைக்குள் பதிக்கும் அடுப்புகளில் சில, கீழே உள்ள அலமாரியிலிருந்து காற்றை எடுப்பவை. அந்த அலமாரிக்குள் பழைய செய்தித்தாளும் நெகிழிப் பையும் திணித்து வைத்தால், இரண்டு பர்னர்களும் சேர்ந்து மஞ்சளாகும். அப்போது எவ்வளவு கழுவினாலும் சுடர் நீலமாகாது.

திறப்பு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். சூடான புகை மேலே எழும். ஆகவே, அது வெளியேற உயரத்தில் வழி வேண்டும். கலனிலிருந்து கசியும் எரிவாயுவோ காற்றைவிடக் கனமானது. அது தரையோரமாகப் படர்ந்து தாழ்ந்த இடங்களில் தேங்கும். அதனால்தான் கலனைத் தாழ்ந்த மூலையிலோ மூடிய பெட்டியிலோ வைக்கக் கூடாது என்கிறார்கள். எரிவாயு நாற்றம் வந்தால் விளக்கு விசையைத் தொடக் கூடாது. மின்விசிறியைப் போடவும் கூடாது, ஓடுவதை நிறுத்தவும் கூடாது. விசையில் எழும் ஒரு சிறு பொறியே போதும். கலனை அடைத்து, கதவு சன்னல்களைத் திறந்து, எல்லாரும் வெளியேறிய பிறகு, வெளியிலிருந்து 999 எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

பழைய லயத்து வீடுகளில் சுவருக்கும் கூரைக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கும். மழைச் சாரல் வரும், பல்லி வரும், பக்கத்து வீட்டுப் பேச்சும் வரும். விறகுப் புகையும் அந்த வழியாகத்தான் வெளியேறியது. புதிய வீட்டின் சமையலறையில் அந்த வேலையைச் செய்வதற்கென்று கட்டியவர்கள் விட்டுச் சென்றவை, மேலே வரிசையாக இருக்கும் ஓட்டைக் கற்கள். ஒரு நாற்காலியைப் போட்டு ஏறி, அவற்றில் எத்தனை இன்னும் திறந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.